தேமலுக்கு நான் சொன்ன எண்ணெய்

தளவாய்புரத்தில் தையல் மிஷின் சத்தம் கேட்காத தெரு குறைவு. ராஜபாளையத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு நைட்டிதான் சோறு போடுகிறது. தீபாவளி ஆர்டர் வந்துவிட்டால், காலையில் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்த பெண்கள் இருட்டிய பிறகுதான் எழுந்திருப்பார்கள். பாவாடை நாடா இறுக்கும் இடுப்பில் வேர்வை காயவே காயாது. முப்பது வருஷம் பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்ற என்னிடம் வந்து, “டீச்சர், இது தேமலா, படர்தாமரையா?” என்று கேட்பார்கள்.

அரிக்காமல், தவிட்டுப் பொடி மாதிரி செதில் உதிர்ந்து வெளுத்திருந்தால், “தேமல்தான், தேங்காயெண்ணெய் தேய்” என்பேன். இத்தனை வருஷம் சொன்னது தப்பு.

தேமலுக்குக் காரணம் மலசீசியா என்ற ஈஸ்ட். ரொட்டி மாவை உப்ப வைக்கும் ஈஸ்ட்டுக்கு இது வெகு தூரத்துச் சொந்தம். காளானுக்குத்தான் கிட்டத்து உறவு. வயதுக்கு வந்த எல்லார் தலையிலும் மார்பிலும் முதுகிலும் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. 2007-இல் இதன் ஒரு வகையின் மரபணுத் தொகுப்பைப் படித்தபோது, கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்கும் மரபணு அதற்கு இல்லை என்று தெரிந்தது. ஆகவே நம் தோலில் சுரக்கும் எண்ணெயை லிப்பேஸ் என்ற நொதியால் உடைத்துத் தின்கிறது. சோதனைக்கூடத்தில் இதை வளர்க்க ஆலிவ் எண்ணெய் ஊற்றுகிறார்கள். நான் தேங்காயெண்ணெய் ஊற்றி வளர்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் குடித்தனக்காரனை வெறும் தொல்லை என்று தள்ளவும் முடியவில்லை. தலையில் வட்ட வட்டமாக முடி உதிர வைக்கும் படை சிறுபிள்ளைகளுக்கே அதிகம் வரும். பெரியவர்களுக்கு ஏன் அபூர்வம்? சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ராத்மனின் குழு இதைத் துருவியது. பெரியவர்கள் முடியிலிருந்து எடுத்த கொழுப்பு படைப் பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுத்தது. பிள்ளைகள் முடியின் கொழுப்புக்கு அந்த வலு இல்லை. இதற்குப் பொறுப்பு அதிலிருந்த கொழுப்பு அமிலங்கள் என்று 1940-களில் எழுதினார்கள். பருவம் வந்ததும் தோலில் எண்ணெய் பெருகுகிறது. அதை உடைத்து அமிலங்களை விடுவிப்பதில் மலசீசியாவுக்கும் உடன் வாழும் பாக்டீரியாவுக்கும் பங்குண்டு. தான் சாப்பிட்ட மிச்சத்தில் அடுத்தவன் வேரூன்ற முடியாதபடி செய்கிற சாமர்த்தியம்! ஆமணக்கெண்ணெயிலிருந்து எடுக்கும் அன்டெசிலினிக் அமிலமும் இந்தக் கொழுப்பு அமில ஜாதிதான். படைக்குப் பூசும் மருந்தாக வெகுகாலம் இருந்தது.

மலசீசியா செய்யும் இன்னொரு பொருள் அசிலெயிக் அமிலம். சோதனைக்கூடத்தில் அது பூஞ்சையை அடக்குகிறது. முகப்பரு மருந்தாகவும் விற்கிறது. தோலின் நிறமி உருவாவதையும் தடுக்கும் என்பதால், தேமல் வெளுப்புக்கு அதுவே காரணம் என்று முதலில் நினைத்தார்கள். டிரிப்டோஃபானிலிருந்து இந்த ஈஸ்ட் செய்யும் இண்டோல் பொருட்களுக்கும் அதில் கை இருக்கலாம் என்று இப்போது சொல்கிறார்கள். பழைய உரைகாரர்கள் சுணங்கு என்ற சொல்லுக்குத் தேமல் என்று பொருள் எழுதி அதை அழகில் சேர்த்தார்கள். எங்கள் தெருப் பெண்களிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

2025-இல் அமெரிக்காவின் ஒரேகான் பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு செய்தி. மலசீசியாவின் ஒரு வகை, தோல் எண்ணெயிலிருந்து ஒரு ஹைட்ராக்சி கொழுப்பு அமிலம் செய்து, புண்ணைச் சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸைக் கொல்கிறதாம். நம் தோலுக்கு இயல்பான லேசான புளிப்பில்தான் அது வேலை செய்கிறது. சோப்பைப் போட்டுப் போட்டுத் தேய்த்தால் அந்தப் புளிப்பு போய்விடும்.

போன வாரம் ஓவர்லாக் அடிக்கிற பெண் ஒருத்தி, நசுங்கிய டியூப் ஒன்றை நீட்டினாள். “மதினி குடுத்தா டீச்சர். பூசுனா ரெண்டு நாள் அடங்குது, விட்டா ரெண்டு மடங்கா வருது.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தேன். குளோபெட்டசால். ஸ்டீராய்டு. அது அரிப்பை அமுக்கும். கூடவே தோலின் காவலையும் அமுக்கிவிடுவதால் படர்தாமரை கொழுக்கும். இதுபோன்ற ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதி போட்டும் கைக்குக் கை மாறுகிறது. இன்று நம் நாட்டில் டெர்பினாஃபைனுக்கும் அடங்காத படர்தாமரைப் பூஞ்சை பரவிக் கிடக்கிறது. 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு வைத்த பெயரிலேயே இந்தியா இருக்கிறது: டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே.

தோல் டாக்டரிடம் அனுப்பினேன். செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டுவிட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்களாம். தேமலானால் குட்டை இழைகளும் உருண்டைகளும் கலந்து தெரியும். இடியாப்பத்தில் சீடையைக் கொட்டினது மாதிரி. இவளுக்கு நீள நீளமாக இழை மட்டும்தான். படர்தாமரையேதான். மாத்திரையும் களிம்பும் எழுதிக் கொடுத்து, வீட்டில் எல்லாரையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்.

“மதினியையுமா டீச்சர்?” என்றாள்.

“அவளைத்தான் முதல்ல” என்றேன்.