ஆப்பிரிக்கக் கானகச் சாலைகளில் மோட்டார் சைக்கிள்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (புவியியல்)

ஆப்பிரிக்கக் கானகம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது பெரும்பாலும் ஒரே காட்சிதான். மேற்கூரை திறந்த ஜீப் ஒன்று. அதில் கழுத்தில் தொலைநோக்கியும் கையில் காமிராவுமாக வெளிநாட்டுப் பயணிகள். சற்றுத் தொலைவில் மரநிழலில் உறங்கும் சிங்கம். திரைப்படங்கள் இக்காட்சியை நம் நெஞ்சில் ஆழப் பதித்துவிட்டன. ஆனால் அக்கண்டத்து விலங்குகள் யாவும் வேலியிட்ட பூங்காக்களுக்குள் அடங்கிக் கிடக்கின்றன என்று எண்ணிவிடலாகாது. ஆடுமாடு மேய்ப்போரும், தண்ணீர்க் குடம் சுமப்போரும், பள்ளிக்கு நடக்கும் சிறுவர்களும் உள்ள அதே நிலத்தில் யானையும் உலவும் பகுதிகள் அங்கே மிகப் பல. இந்த நிலத்தை அருகிருந்து காண விரும்புவோர் சிலர் மோட்டார் சைக்கிளில் செல்கின்றனர்.

அவர்கள் ஏன் பூங்காவுக்குள் செல்வதில்லை என்று கேட்கலாம். அவர்களை உள்ளே விடுவதில்லை என்பதே விடை. நமீபியாவின் எட்டோஷா, தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் போன்ற பெரும் பூங்காக்களின் வாயிலில் மோட்டார் சைக்கிள் நிறுத்தப்பட்டுவிடும். காரணம் வெளிப்படையானது. காருக்குக் கதவு உண்டு. மோட்டார் சைக்கிளுக்கு இல்லை. காரைப் பலகாலம் பார்த்துப் பழகிய சிங்கம் அதைத் தீங்கற்ற ஒரு பெரிய பொருளாக எண்ணிப் பேசாமல் படுத்திருக்கும். இருசக்கர வண்டியில் வருபவனோ அதன் கண்ணுக்கு மனிதனாகவே தெரிவான். இத்தடையில் குறை காண்பதற்கில்லை.

எனினும் பொதுச் சாலைகள் உண்டு. தான்சானியாவில் தாருஸ்ஸலாம் நகரிலிருந்து ஜாம்பியா நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரம் மிகுமி தேசியப் பூங்காவின் நடுவே செல்கிறது. லாரி, பேருந்து, மோட்டார் சைக்கிள் எல்லாம் அதில் ஓடுகின்றன. வண்டி மோதி விலங்கு இறந்தால் எந்த விலங்குக்கு எவ்வளவு அபராதம் என்று பட்டியலே வைத்திருக்கிறார்கள்! நமீபியாவின் வடகிழக்கு மூலையில் பி-8 நெடுஞ்சாலை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் பவபவாட்டா பூங்காவை ஊடறுத்துச் செல்கிறது. அப்பூங்காவுக்குள்ளேயே சிற்றூர்களும் உள்ளன. போட்ஸ்வானாவில் நாட்டா முதல் கசுங்குலா வரையுள்ள சாலையில் யானைக் கூட்டம் கடப்பது அன்றாட நிகழ்ச்சி. அந்நாட்டில் மட்டும் சுமார் 1,30,000 யானைகள் உள்ளன என 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு கூறுகிறது.

இத்தகைய பயணத்துக்கு ஏற்ற வண்டியை ‘டியூயல் ஸ்போர்ட்’ என்பர். தார்ச்சாலையில் ஓட உரிமம் பெற்றது, காட்டுவழியிலும் ஓடவல்லது. முன்சக்கரம் பெரியது, பெரும்பாலும் 21 அங்குலம். பள்ளத்தில் விழுந்து எழ நீண்ட ஷாக் அப்சார்பர், கல்லில் இடிக்காதபடி உயர்த்தி அமைத்த என்ஜின், எழுந்து நின்று ஓட்ட வசதியான கைப்பிடி ஆகியவை இதன் அடையாளங்கள். நூற்றுக்கணக்கான கிலோ எடையும் ஆயிரம் சி.சி.க்கு மேற்பட்ட ஆற்றலும் கொண்ட வண்டிகளை விளம்பரங்கள் பெரிதாகக் காட்டுகின்றன. மணலில் சாய்ந்த வண்டியைத் தனியொருவன் தூக்கி நிறுத்த வேண்டும் என்பதை நினைத்தால், எடை குறைந்த வண்டியே மேல் என்பது என் கருத்து.

இப்படிப்பட்ட வண்டிகள் தோன்றுவதற்கு முன்பே துணிந்தோர் இருந்தனர். தெரசா வாலக், ஃபுளோரன்ஸ் பிளென்கிரன் என்னும் இரு பெண்கள் 1934 டிசம்பரில் இலண்டனிலிருந்து 600 சி.சி. பாந்தர் வண்டியில், பக்கத்தில் ஒரு பெட்டியும் பின்னால் ஓர் இழுவண்டியும் பூட்டிக்கொண்டு புறப்பட்டனர். திசைகாட்டி கூட இல்லாமல் சகாராவைக் கடந்து 1935 ஜூலையில் கேப்டவுன் சேர்ந்தனர். 1973இல் டெட் சைமன் என்ற பத்திரிகையாளர் 500 சி.சி. டிரயம்ஃப் வண்டியில் உலகைச் சுற்றக் கிளம்பி, ஆப்பிரிக்காவை வடக்கிலிருந்து தெற்குவரை கடந்தார். 1978ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய பாரிஸ்–டக்கார் பந்தயமும் இவ்வகை வண்டிகளுக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. ஆயினும் அப்பந்தய வண்டிகள் மோதி வழியோரச் சிற்றூர்களில் குழந்தைகள் உட்படப் பலர் மாண்டனர் என்பதையும் மறக்கலாகாது. ஓர் ஊரை எவ்வளவு விரைவாகக் கடக்கலாம் என்று பார்ப்பது ஊரைக் காணும் முறையன்று.

இனிச் சாலையைப் பார்ப்போம். நமீபியாவை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 8,25,000 சதுர கிலோமீட்டர் பரப்பும், சுமார் 30 இலட்சம் மக்களும் கொண்ட நாடு. அதாவது நம் தமிழ்நாட்டைப்போல் ஆறு மடங்குக்கும் மேற்பட்ட நிலத்தில், சென்னை நகர மக்கள்தொகைக்கும் குறைவான மக்கள்! ஆகவே பெரும்பாலான சாலைகள் தார் காணாதவை. பி என்று தொடங்கும் எண்ணுடைய சாலை பெரும்பாலும் தார்ச்சாலை. சி பெரும்பாலும் சரளை. டி என்றால் சரளையோ மணலோ மேலும் கரடுமுரடானது. கடற்கரையை ஒட்டிய சில சாலைகள் ஜிப்சமும் உப்புநீரும் கலந்து இறுக்கியவை. வெயிலில் அவை தார்போல் வழவழப்பாக இருக்கும். கடற்பனி படிந்த காலை நேரத்திலோ சோப்பு தடவியதுபோல் வழுக்கும்.

சரளைச் சாலையில் பயணிகளை மிகவும் வாட்டுவது குறுக்கு அலைவரிகள். நெளித் தகரத்தைச் சாலையில் விரித்து வைத்தாற்போல், முழங்கை நீள இடைவெளியில் வரிவரியாக மேடும் பள்ளமும் கிலோமீட்டர் கணக்கில் தொடரும். இவை எப்படி உண்டாகின்றன? வண்டியின் ஸ்பிரிங் துள்ளுவதால் உண்டாகின்றன என்றே நெடுங்காலம் பலரும் நம்பினர். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், சுழலும் வட்டமான மணற்பரப்பில் ஒரு சக்கரத்தை உருளவிட்டுப் பார்த்தனர். ஸ்பிரிங் இல்லாத சக்கரமும் இவ்வரிகளை உண்டாக்கியது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே உருட்டினால் வரிகள் தோன்றவில்லை. அதற்கு மேல் சென்றால் தோன்றின. சிறு மேட்டின்மேல் ஏறிய சக்கரம் துள்ளி விழுகிறது. விழுந்த இடத்தில் மண் பள்ளமாகிறது. அடுத்த சக்கரம் அதே இடத்தில் துள்ளுகிறது. அவ்வளவுதான் இதன் சூட்சுமம். மெதுவாகச் சென்றால் வரிகள் உண்டாகா என்றாலும், எவரும் அவ்வளவு மெதுவாகச் செல்வதில்லை.

அலைவரிகளின்மேல் மணிக்கு 30 கிலோமீட்டரில் சென்றால் பல் உதிர்வதுபோல் ஆட்டம் இருக்கும். 70, 80 என்று விரைந்தால் சக்கரம் மேட்டிலிருந்து மேட்டுக்குத் தாவி, ஆட்டம் அடங்கிவிடும். இதை நம்பித்தான் பலர் ஏமாறுகின்றனர். ஆட்டம் இல்லையென்றால் டயர் தரையைச் சரியாகத் தொடவில்லை என்று பொருள். வளைவிலோ பிரேக் பிடிக்கும்போதோ பிடிமானமே இராது.

மணல் வேறுவிதச் சோதனை. டயரின் காற்றை 30 பவுண்டிலிருந்து 18, 20 பவுண்டுக்குக் குறைத்தால் அது பரந்து மணல்மேல் மிதக்கும். எழுந்து நின்று, பார்வையைத் தூரத்தில் வைத்து, ஆக்சிலேட்டரைச் சீராகத் திருகிக்கொண்டே போக வேண்டும். முன்சக்கரம் பாம்புபோல் நெளியும். அதைக் கைப்பிடியால் அடக்க முயல்பவன் விழுவான். நெளிய விட்டு முன்னே செல்பவன் பிழைப்பான். மீண்டும் கெட்டித் தரை வந்ததும் காற்றை நிரப்ப மறக்கக் கூடாது. பெட்ரோல் கணக்கும் மணலில் மாறிவிடும். 18 லிட்டர் தொட்டி, லிட்டருக்கு 22 கிலோமீட்டர் என்றால் 396 கிலோமீட்டர் போகலாம். மணலில் லிட்டருக்கு 14 தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் 252 கிலோமீட்டரோடு நின்றுவிடும். அடுத்த பெட்ரோல் நிலையம் 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கலாம். வேலமர முட்கள் டயரைக் குத்தும். எனவே டியூபும் பஞ்சர் ஒட்டும் கருவிகளும் உடனிருக்க வேண்டும்.

விலங்குகளுக்கு வருவோம். சிங்கத்தைப் பற்றியே எல்லாரும் கேட்பர். உண்மையில் இச்சாலைகளில் மோட்டார் சைக்கிள்காரனுக்கு மிகுந்த ஆபத்து விளைவிப்பவை மாடும், ஆடும், கழுதையும், குடு என்னும் பெரிய கொம்புமானும்தான். குடு மாலை மயங்கும் வேளையில் புதரிலிருந்து ஒரே தாவலில் சாலை நடுவே வந்து நிற்கும். ஆகவேதான் ‘சூரியன் மறையுமுன் கூடாரம் அடித்துவிடு’ என்பது இங்கே மாறாத விதி.

யானை அவ்வாறு திடீரெனத் தாவாது, முன்கூட்டியே அறிவிக்கும். காதுகளை விரித்து, தலையை உயர்த்தி ஆட்டினால் ‘அங்கேயே நில்’ என்று பொருள். நூறு மீட்டருக்கும் அப்பாலேயே வண்டியை நிறுத்த வேண்டும். குட்டிக்கும் தாய்க்கும் இடையில் எக்காரணம் கொண்டும் புகுதல் கூடாது. சாலை தனக்கு உரியது என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, யானை கடந்து முடியும்வரை அரைமணியானாலும் காத்திருக்க வேண்டும். வறண்ட ஆற்றுப் படுகை கூடாரம் அடிக்க அழகான இடமாகத் தோன்றும். அங்கேதான் அடிக்கக் கூடாது. அது யானையின் வழித்தடம். மேலும் எங்கோ தொலைவில் மழை பெய்தால் இரவோடிரவாக வெள்ளம் வந்துவிடும்.

நமீபியாவின் வடமேற்கிலுள்ள குனேனே பகுதியில் ஹோவானிப், ஹோவாருசிப் முதலிய மணலாறுகளை ஒட்டி யானைகள் பாலைநிலத்தில் வாழ்கின்றன. கறுப்புக் காண்டாமிருகமும் சிங்கமும் உண்டு. வேலியில்லை. 1980களின் தொடக்கத்தில் வறட்சியாலும் கள்ள வேட்டையாலும் இவை அழியும் நிலைக்கு வந்தன. அப்போது கார்த் ஓவன்-ஸ்மித் என்பவர் ஊர்த்தலைவர்களிடம் சென்று, அவர்களே தம் ஊராருள் சிலரைக் காவலராக நியமிக்கும்படி செய்தார். அக்காவலருள் முன்பு வேட்டையாடியவர்களும் இருந்தனர். ஊதியம் பெரும்பாலும் சோளமாவுதான். தடம் பார்க்கத் தெரிந்தவன் வேட்டைக்காரனல்லவா?

உரிமையின்றிக் காவல் நிலைக்காது. 1975ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் பண்ணை வைத்திருந்த வெள்ளையருக்குத் தம் நிலத்து விலங்குகளால் பயன்பெறும் உரிமையை அளித்திருந்தது. பொது நிலங்களில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு அவ்வுரிமை இல்லை. நாடு விடுதலை பெற்றது 1990இல். 1996இல் அவர்களுக்கும் சட்டம் வழிவகுத்தது. 1998இல் முதல் நான்கு ஊர்க்கூட்டுக் காப்பகங்கள் பதிவாயின. இப்போது 80க்கும் மேற்பட்டவை உள்ளன. நாட்டின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவற்றின் எல்லைக்குள் வருகிறது. காமஞ்சாப் ஊரிலிருந்து பாம்வாக் நோக்கி சி-40 சாலையில் செல்பவர்கள் குரூட்பெர்க் கணவாயின் உச்சியில் ஒரு விடுதியைக் காணலாம். அது 2005இல் திறக்கப்பட்டது. அதன் உரிமையாளர் அங்குள்ள காப்பகத்து மக்களே.

இவற்றால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். பணத்துக்காக வேட்டைக்கு அனுமதிப்பது சரியா என்ற பூசல் ஓயவில்லை. மாட்டைச் சிங்கம் கொன்றால் கிடைக்கும் ஈட்டுத்தொகை மாட்டின் விலைக்கு ஈடாகாது. 2016இல் இப்பகுதியில் பெயர்பெற்ற இளஞ்சிங்கங்கள் மூன்று நஞ்சிட்டுக் கொல்லப்பட்டன. உலகெங்கும் கண்டனம் எழுந்தது. கண்டித்தவர்களில் எத்தனை பேர் இரவில் தொழுவத்தைக் காத்துக் கிடந்தவர்கள்? மோட்டார் சைக்கிளில் ஒருநாள் செல்பவன் உணரும் அச்சத்தில் இவர்கள் ஆண்டு முழுதும் வாழ்கிறார்கள். கதவில்லாத வண்டியில் செல்பவனுக்கு இது சொல்லாமலே விளங்கிவிடும். கண்ணாடிக்குப் பின்னிருந்து பார்ப்பவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

அவனுக்கும் கடமை உண்டு. நமீபியப் பாலையின் சரளை வெளியில் ஒருமுறை பதிந்த டயர்த் தடம் பல பத்தாண்டுகள் அழியாது. கல்லில் படர்ந்த லைக்கன் நசுங்கினால் மீண்டும் வளர அதைவிட நாளாகலாம். காண்டாமிருகம் என்ஜின் ஒலி கேட்டு மிரண்டு ஓடினால், நீரற்ற அந்நிலத்தில் அவ்வோட்டமே அதற்குப் பெருஞ்செலவு. ஆகவே தடத்தைவிட்டு இறங்கக் கூடாது. பாம்வாக்கில் கால்நடை நோய்த் தடுப்பு வேலியின் வாயில் ஒன்றுண்டு. 1890களில் மாட்டு வெக்கை நோயைத் தடுக்க வகுத்த எல்லையின் வழிவந்தது அது. தெற்கே திரும்புகையில் பச்சை இறைச்சி கொண்டுசெல்லக் கூடாது. வாங்கிய இறைச்சியை வடக்கிலேயே சமைத்து உண்டுவிடுவது நலம்.

இறுதியாக ஒரு செய்தி. கிழக்கு ஆப்பிரிக்காவில் இச்சாலைகளில் மிகுதியாக ஓடுபவை பயணிகளின் விலையுயர்ந்த வண்டிகள் அல்ல. ‘போடா போடா’ எனப்படும் வாடகை மோட்டார் சைக்கிள்கள். கென்யா–உகாண்டா எல்லையில் 1960களில் ஆள் ஏற்றிச்சென்ற சைக்கிள்களுக்கு எழுந்த பெயர் அது. நம் காதுக்குத்தான் வேறுவிதமாக ஒலிக்கிறது. நூறு, நூற்றைம்பது சி.சி. வண்டியில் இருவர், இரு மூட்டை, ஓர் ஆடு என ஏற்றிக்கொண்டு, பயணிகள் தயங்கி நிற்கும் மணலை அவ்வோட்டிகள் செருப்புக் காலோடு கடக்கின்றனர். அவற்றில் பல இந்திய வண்டிகள். பஜாஜ் பாக்ஸரும், நம் ஓசூர் டி.வி.எஸ். நிறுவனத்தின் எச்.எல்.எக்ஸும் அவ்வூர்ச் சந்தைகளில் நன்கு அறிமுகமானவை. பழுதானால் உதிரி பாகமும் அதைப் பொருத்தத் தெரிந்தவரும் அடுத்த ஊரிலேயே கிடைப்பர். பெரிய வண்டியில் செல்பவர் பாகத்துக்காக நாட்கணக்கில் காத்திருக்க நேரிடும்.