கோப்பையின் நடுவில் நிற்கும் நூடுல்ஸ்

ஜப்பானின் நிசின் நிறுவனத்தைத் தொடங்கிய மொமொஃபுகு ஆண்டோ, தம் ‘சிக்கன் ராமன்’ உடனடி நூடுல்ஸுக்குச் சந்தை தேடி 1966-ல் அமெரிக்கா போனார். ருசி பார்க்க வந்த சூப்பர் மார்க்கெட்காரர்களிடம் ராமன் கிண்ணம் இல்லை. நூடுல்ஸ் கட்டியை இரண்டாக உடைத்துக் காகிதக் கோப்பையில் போட்டு, வெந்நீர் ஊற்றி, முள்கரண்டியால் சாப்பிட்டார்கள். ஆண்டோவின் கண் அந்தக் கோப்பையில் நின்றுவிட்டது. உலகச் சந்தைக்குப் போவதென்றால் என்ன என்று யாராவது கேட்டால், நான் இந்தக் காட்சியைத்தான் சொல்வேன். சரக்கைக் கப்பலேற்றிவிடலாம், வாங்குபவர் அதை எப்படிக் கையாள்கிறார் என்று பார்த்து, சரக்கையே மாற்றத் துணிவதுதான் கடினம்.

எவ்வளவு கடினம் என்பதற்கு, பிறகு அவர் உருவாக்கிய கோப்பை நூடுல்ஸே சாட்சி. நூடுல்ஸை எண்ணெயில் பொரிக்கும்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பீறிட்டு வெளியேறுகிறது. அது போன வழியெல்லாம் நுண்துளைகள். பிறகு ஊற்றும் வெந்நீர் அந்தத் துளைகளில் புகுந்துதான் நூடுல்ஸை வேகவைக்கிறது. தட்டையான கட்டிக்கு இது போதும். ஆழமான கோப்பைக்குக் கனத்த கட்டி வேண்டும். அதில் வெளிப்புறம் வெந்தாலும் நடுப்பகுதி வேகாது. அதனால் மேலே நெருக்கமாகவும் கீழே நெகிழ்வாகவும் கட்டியை அமைத்தார்கள். கோப்பை அடியில் குறுகுவதால் கட்டி அடிவரை இறங்காமல் நடுவிலேயே சிக்கி நிற்கும். கீழே உள்ள இடைவெளியில் வெந்நீர் தேங்கி அடியிலிருந்தும் சூடேற்றும். லாரியில் குலுங்கினாலும் நூடுல்ஸ் நொறுங்காது, கோப்பையும் நசுங்காது. ஆனால் கட்டியை உள்ளே போட்டால் சாய்ந்துவிடுகிறதே! ஓரிரவு படுத்திருந்தபோது, கூரையும் தரையும் தலைகீழானதுபோல் ஆண்டோவுக்குத் தோன்றியதாம். விடை கிடைத்துவிட்டது: கட்டியைக் கீழே வைத்து, கோப்பையை அதன்மேல் கவிழ்த்தார்.

அமெரிக்கர் கையைப் பார்த்துப் பிறந்த இந்தக் கோப்பை 1971 செப்டம்பரில் முதலில் விற்பனைக்கு வந்தது, கிண்ணத்துக்குப் பஞ்சமில்லாத ஜப்பானில். பிறகு அமெரிக்கா போனபோது, உறிஞ்சிச் சாப்பிடும் வழக்கம் அங்கே இல்லையென்று நூடுல்ஸின் நீளத்தைக் குறைத்தார்கள். கோழியை விலக்கும் மதமோ நாடோ இல்லாததால் கோழிச் சாறு எங்கும் செல்லும் என்று ஆண்டோ நம்பினார். இந்தியாவில் அந்தக் கணக்கு முழுதாகப் பலிக்கவில்லை. சைவம் சாப்பிடுபவர்களுக்காக நிசினின் டாப் ராமன் மசாலா கடைக்கு வந்தது.

2005-ல் ஜப்பானிய விண்வெளி வீரர் சோய்ச்சி நொகுச்சி டிஸ்கவரி விண்கலத்தில் நிசினின் ராமனைக் கொண்டுபோனார். அங்கே கொதிநீர் கிடையாது. 70 டிகிரி நீரிலேயே வேகும் மாவு, சிதறாத கெட்டிச் சாறு, ஒரு வாய்க்கு ஒன்றாகப் போடும் உருண்டைகள் என்று எல்லாவற்றையும் மறுபடி மாற்றினார்கள்.