செல்லாத கையொப்பம்: கோளாறு எங்கே?

எக்ஸ்எம்எல் ஆவணங்களில் டிஜிட்டல் கையொப்பம் இடுவதற்கான தரநிலையை டபிள்யூ3சி அமைப்பு 2002 பிப்ரவரியில் வெளியிட்டது. ஆதாரின் ஆஃப்லைன் இ-கேஒய்சி கோப்பிலும், ஒரே லாகினில் அலுவலகச் செயலிகள் பலவற்றைத் திறக்கும் சாம்ல் முறையிலும் இருப்பது இதுதான். கையொப்பம் செல்லாது என்று நிரல் சொன்னதும் பலரும் சாவியையும் சான்றிதழையும் புரட்டத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இருப்பதில்லை.

சரிபார்ப்பில் இரண்டு சோதனைகள் உண்டு. ஆவணத்தின் ஹேஷ், கோப்பிலுள்ள 'டைஜெஸ்ட்வேல்யூ'வோடு பொருந்த வேண்டும். அந்த மதிப்பைத் தாங்கிய 'சைன்டுஇன்ஃபோ' பகுதியின் கையொப்பம் பொதுச்சாவியோடு பொருந்த வேண்டும். இரண்டின் முடிவையும் தனித்தனியே அச்சிட்டுப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. ஹேஷ் தவறினால், சாவியைத் தொடவே வேண்டாம்.

ஹேஷ் தவறுவதற்கு யாரும் திருத்தியிருக்க வேண்டியதில்லை. ஹேஷ் எடுக்கும் முன் ஆவணம் சீர்வடிவமாக்கப்படுகிறது: பண்புக்கூறுகள் வரிசைப்படும், ஒற்றை மேற்கோள் இரட்டையாகும். ஆனால் டேகுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடம் அப்படியே நிற்கும். கையொப்பமிட்ட பிறகு ஒருவர் கோப்பை அழகாக உள்தள்ளிச் சேமித்தால், கூடுதலாக நுழைந்த ஒரு வரிமாற்றமே போதும், ஹேஷ் முழுவதும் மாறிவிடும். டாட்நெட்டில் இந்த வெற்றிடத்தைக் காக்கும் 'பிரிசர்வ்ஒயிட்ஸ்பேஸ்' அமைப்பு இயல்பாக ஃபால்ஸ். கோப்பை லோட் செய்வதற்கு முன்பே அதை ட்ரூ ஆக்க வேண்டும், பின்னால் மாற்றிப் பயனில்லை. ஜாவாவில் பார்சருக்கு நேம்ஸ்பேஸ் தெரியும்படி அமைக்காமல் விடுவது இன்னொரு வழக்கமான சறுக்கல்.

கையொப்பமிட்ட பகுதியைப் பெயர்த்து ஒரு சோப் (SOAP) செய்தி உறைக்குள் வைத்தாலும் சிக்கல்தான். பழைய சீர்வடிவ முறை, உறையின் நேம்ஸ்பேஸ்களையும் சேர்த்துக்கொள்ளும். அதைத் தவிர்க்கவே 2002 ஜூலையில் 'எக்ஸ்க்ளூசிவ்' முறை வந்தது.

ஊகித்துக் காலம் கடத்துவதைவிட, ஹேஷுக்குள் போகும் பைட்டுகளையே எடுத்துப் பார்ப்பது மேல். ஜாவாவில் 'கேஷ்ரெஃபரன்ஸ்' அமைப்பை இயக்கினால் அவை கிடைக்கும். அனுப்பியவர் பக்கத்துப் பைட்டுகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு கண்ணில் படும்.

நேற்றுவரை ஓடிய நிரல் ஜாவாவின் ஜேடிகே 17க்கு மாறியதும் நின்றால், கையொப்பத்தில் ஷா-1 என்ற ஹேஷ் முறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பதிப்பு அதை இயல்பாகவே மறுக்கிறது.

சோதனை தேறினாலும் ஒரு கேள்வி மிச்சம்: நிரல் படிப்பது கையொப்பமிட்ட பகுதியைத்தானா? அசல் பகுதியை ஓரமாக ஒதுக்கி, போலியை அதன் இடத்தில் வைக்கும் தாக்குதலை 2005லேயே ஆய்வாளர்கள் விவரித்துவிட்டார்கள். சரிபார்த்த கூறையே நேராக எடுத்துப் பயன்படுத்துவதுதான் அதற்குத் தடுப்பு. பெயரைக் கொண்டு ஆவணத்தில் மறுபடி தேடக்கூடாது.