நுண்ணொலித் தகடும் நம் செவியும்

குறுந்தகடு 1982-இல் விற்பனைக்கு வந்தது. 1999-இல் சோனியும் பிலிப்ஸும் அதனினும் நுண்ணிய ‘சூப்பர் ஆடியோ சி.டி.’யைக் கொணர்ந்தன. அதற்குக் கூடுதல் விலை தரலாமா என்று மாணவ நேயர்கள் என்னை வினவுவதுண்டு.

சாதாரணக் குறுந்தகடு ஒலியலையை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகப் பதிகிறது. ஓர் அலையை மீட்க, அதன் அதிர்வெண்ணின் இரு மடங்குக்குச் சற்று மேலாக அளந்தால் போதும். ஆகவே நொடிக்கு 20,000 அதிர்வு வரை அதில் அடங்கிவிடும். இளஞ்செவியின் எல்லையும் ஏறத்தாழ அதுவே. என் போன்ற முதியோர்க்கு அதுவும் இல்லை. அதற்கு மேற்பட்டது வௌவாலுக்கு ஆகலாம்!

2007-இல் அமெரிக்காவில் மேயர், மோரன் என்னும் இருவர் ஒரு சோதனையை வெளியிட்டனர். நுண்ணொலித் தகட்டின் இசையை நேரடியாகவும், குறுந்தகட்டின் தரத்துக்குக் குறைத்தும், இன்னது இன்னதென்று கூறாமல் கேட்கச் செய்தனர். 554 முறையில் சரியான விடை 276. நாணயத்தைச் சுண்டிச் சொல்லியிருந்தாலும் அவ்வளவு தேறியிருக்கும்.

எனினும் அத்தகடுகளுட் பல மிக இனிமையாக ஒலித்தன என்றும் அவர்களே எழுதினர். அவற்றைப் பதிவு செய்தோர் எடுத்துக்கொண்ட சிரத்தையே அதற்குக் காரணம் என்றனர். எனவே தகட்டின் வகையைப் பாராமல், பதிவு செய்தவர் யார் என்றே நான் முதலில் விசாரிப்பேன். மிச்சப்படும் பணம் நல்லதோர் ஒலிபெருக்கிக்கு உதவும்.