வெப்பமும் பொருள்நிலை மாற்றமும்

பொருள்கள் திண்மம், திரவம், வாயு என்னும் மூவகை நிலையில் உள்ளன; வெப்பம் ஏறுதலாலும் இறங்குதலாலும் ஒரு நிலை மற்றொரு நிலையாக மாறும். இஃது எல்லாப் பள்ளி நூல்களும் கூறும் செய்தியே. மாணாக்கர் இதனை எளிதில் மனனஞ் செய்வர். விளங்கிக்கொண்டனரா என்பது வேறு வினா. சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் யான் கண்டதொன்று இவ்வேறுபாட்டை எனக்கு உணர்த்திற்று.

வெப்பத்தை இழந்து திரவம் திண்மமாதலே உறைதல் என விளக்கி, எடுத்துக்காட்டு ஒன்று கேட்டேன். பால் வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகன் எழுந்து, இறப்பர்ப் பால் உறைவதைக் கூறினான். வகுப்பு முழுவதும் அதனை ஒப்புக்கொண்டது. இங்கே பிழை சிறுவனுடையதன்று; சொல்லினுடையது. நீர் பனிக்கட்டியாவதும் உறைதல். பால் தயிராவதும் உறைதல். குருதி கட்டியாவதும் உறைதலே. ஒரு சொல் இருவேறு நிகழ்ச்சிகளைக் குறிக்குமிடத்து, அவற்றைப் பிரித்துக் காட்டுதல் ஆசிரியர் கடனாகும்.

பிரித்தறிவது எங்ஙனம்? முன்னைய நிலைக்கு மீளுமா எனச் சோதித்தலே எளிய வழி. தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசில் உருகும். மார்கழிக் குளிரில் போத்தலில் இறுகிய எண்ணெயை வெயிலில் வைத்தால் மீண்டும் திரவமாகும். ஆண்டும் எண்ணெயே, ஈண்டும் எண்ணெயே. மாறியது நிலை மட்டுமே.

இறப்பர்ப் பாலின் இயல்பு வேறு. அது நீரில் நுண்ணிய இறப்பர்த் துணிக்கைகள் பரந்து மிதக்கும் கலவை. துணிக்கைகளின் மேலுள்ள மின்னேற்றம் அவற்றை ஒன்றையொன்று விலக்கி நிற்கச் செய்கின்றது. போர்மிக் அமிலம் சேர்ந்தவுடன் அவ்விலக்கம் நீங்க, அவை கூடிக் கட்டியாகின்றன. சிரட்டையில் எஞ்சிய பால் தானே ஒட்டுப்பாலாவதற்கும் நுண்ணுயிர்கள் தோற்றுவிக்கும் அமிலம் காரணமாகும். அக்கட்டியை எத்துணை வெப்பமூட்டினும் அது மீண்டும் பாலாகாது. ஆயினும், தகடாக்கிய இறப்பரைப் புகைக்கூடத்தில் உலர்த்தும்போது அதிலுள்ள நீர் ஆவியாகி நீங்குகின்றதே, அது வெப்பத்தால் நிகழும் நிலைமாற்றமே.

கற்பூரத்தையும் இவ்வாறே ஆராயலாம். பேழையில் வைத்த கற்பூரம் திரவமாகாமலே ஆவியாகிக் குறையும். அவ்வாவி குளிர்ந்தவிடத்து மீண்டும் கற்பூரமாகவே படியும். இது பதங்கமாதல். தீபாராதனைத் தட்டில் எரிந்த கற்பூரமோ மீளாது.

அடுத்து ஓர் ஐயம் எழும்: கொதிக்கும் நீரின்கீழ் விறகை மிகுத்தாலும் வெப்பமானி ஏன் உயர்வதில்லை? கடல்மட்டத்தில் அது 100 பாகையில் நிற்கும். காற்றமுக்கம் குறைந்த சிவனொளிபாதமலை உச்சியில், 2243 மீற்றர் உயரத்தில், ஏறக்குறைய 93 பாகையிலேயே நீர் கொதிக்கும். ஆயினும் அங்கும் வெப்பமானி அவ்வளவில் நின்றுவிடும். ஊட்டிய வெப்பம் எங்கே சென்றது? மூலக்கூறுகளைப் பிணிப்பினின்று விடுவித்து ஆவியாக்குவதிலே செலவாயிற்று. இம்மறைவெப்பத்தை 1760களில் கிளாஸ்கோவில் யோசேப்பு பிளாக் என்னும் அறிஞர் விளக்கினார். ஒரு கிராம் நீரை 0 பாகையிலிருந்து 100 பாகைக்கு உயர்த்த 100 கலோரி போதும். அதனை முற்றும் ஆவியாக்க மேலும் ஏறக்குறைய 540 கலோரி வேண்டும். கொதிநீரினும் கொதியாவி கடுமையாகச் சுடுவதன் காரணமும் இதுவே.

இவற்றைக் காட்டப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. எண்ணெய்ப் போத்தல், கேத்தல், வெப்பமானி, சிறிது கற்பூரம் என்பன போதும். வேண்டுவது வேறொன்றுண்டு. பெற்றோரின் உழைப்பினின்று ஒரு சிறுவன் கொண்டுவரும் அறிவைப் பிழையென ஒதுக்கினால், அவன் மறுமுறை வாய்திறவான். அதனையே பாடத்தின் தொடக்கமாகக் கொண்டால், தன் ஊரே ஓர் ஆய்வுகூடம் என்பதை அவன் உணர்வான். அச்சிறுவன் அன்று அவ்விடை கூறாதிருந்தால், யானும் வரைவிலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றிருப்பேன்.