நான்கு துண்டு சேர்ந்தால் ஒரு கணினி மூளை

மாணவர்களே, ஒரு கூட்டல் கணக்கிலிருந்து தொடங்குவோம். 16 இலக்க எண்கள் இரண்டை வெண்பலகையில் எழுதி, வகுப்பில் நால்வரை அழைக்கிறேன். ஆளுக்கு 4 இலக்கம். வலக்கோடியில் நிற்பவர் தம் பங்கைக் கூட்டி, மிகுந்த 1ஐ இடப்பக்கத்து நண்பரிடம் தருகிறார். அவர் அதையும் சேர்த்துக் கூட்டுகிறார். 4 இலக்கக் கூட்டல் தெரிந்தவர்களே 16 இலக்கக் கணக்கை முடித்துவிடுகிறார்கள்!

இதுதான் 'பிட் ஸ்லைஸ்' முறை. 1975இல் ஏஎம்டி நிறுவனம் வெளியிட்ட ஏஎம்2901 என்ற சில்லு, 4 பிட்களை மட்டுமே கணக்கிடும். நான்கை வரிசையாக இணைத்தால் 16 பிட். எட்டை இணைத்தால் 32 பிட். வேகமான செயலி முழுவதையும் ஒரே சில்லில் அடக்குவது அன்று கடினம் என்பதால் இந்த ஏற்பாடு. 1980இல் அட்டாரி வெளியிட்ட 'பேட்டில்சோன்' பீரங்கி வண்டி விளையாட்டில், முப்பரிமாணக் காட்சிக்கான கணக்கைப் போட்டவை இத்தகைய நான்கு சில்லுகளே.

ஆனால் ஒரு சிக்கல். இடக்கோடியில் இருப்பவர் மற்ற மூவருக்காகக் காத்திருக்க வேண்டும். இதற்கு ஒரு தந்திரம் உண்டு. உங்கள் பங்கின் கூட்டுத்தொகை 9999ஐத் தாண்டினால், வலப்பக்கத்திலிருந்து எது வந்தாலும் நீங்கள் 1ஐ அனுப்பியே தீருவீர்கள். சரியாக 9999 என்றால், 1 வந்தால் மட்டும் அனுப்புவீர்கள். அதற்கும் குறைவு என்றால் அனுப்பவே மாட்டீர்கள். இதை நால்வரும் முன்கூட்டியே அறிவித்துவிட்டால், யாருக்கு 1 போகும் என்று ஒருவர் உடனே சொல்லிவிடலாம். அந்த 'ஒருவர்' வேலையை ஏஎம்2902 என்ற துணைச் சில்லு செய்தது.

பின்னர் முழுச் செயலியும் ஒரே சில்லில் அடங்கியது. துண்டுகள் மறைந்தன, பெயர் மட்டும் மென்பொருளுக்குள் புகுந்தது. 1997இல் இஸ்ரேலைச் சேர்ந்த எலி பிஹாம், 64 பிட் செயலியை 64 ஒற்றை பிட் செயலிகளாகப் பாவித்தார். நாங்கள் தேர்வுத்தாள் திருத்தும்போது எல்லாருடைய முதல் கேள்வியையும் திருத்திவிட்டு இரண்டாம் கேள்விக்குப் போவோமே, அதேபோல. 64 தொகுதிகளின் முதல் பிட்கள் ஒன்றாக, இரண்டாம் பிட்கள் ஒன்றாக அடுக்கப்படும். டிஇஎஸ் மறையாக்கம் ஆல்ஃபா கணினியில் ஏறத்தாழ 5 மடங்கு வேகம் பெற்றது.

இன்னொரு நன்மையும் உண்டு. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. வழக்கமான மறையாக்க நிரல் அட்டவணையைப் புரட்டி விடை எடுக்கும். சில இடங்களின் விடை சீக்கிரம் கிடைக்கும், சில தாமதமாகும். அந்த நேர வேறுபாட்டை அளந்தே இரகசியச் சாவியை ஊகிக்க முடியும். பிட் ஸ்லைஸ் நிரலில் அட்டவணையே இல்லை. சாவி எதுவானாலும் அதே படிகள்தான்.

ஒரே ஒரு தொகுதியை மறையாக்க மட்டும் இதை நாடாதீர்கள். மீதி 63 இடங்களும் காலியாகவே ஓடும்.