நீள்கைக் கில்டிங்

நீள்கைக் கில்டிங் (லாங் ஆர்ம் கில்டிங்) என்பது மேல் துணி, நடுவில் பஞ்சுப் படலம், அடித்துணி ஆகிய மூன்று அடுக்குகளைப் பெரிய சட்டத்தில் விரித்துக் கட்டி, நகரும் தையல் பொறியால் ஒன்றாக இணைத்துத் தைக்கும் முறையாகும். வீட்டில் துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்து மேல் துணியை உருவாக்கிய ஒருவர், இப்பொறி வைத்திருக்கும் மற்றொருவரிடம் அதைக் கொடுத்துக் கூலிக்குத் தைத்து வாங்குவது பல நாடுகளில் தனித் தொழிலாக வளர்ந்துள்ளது. ஒவ்வொரு கில்டின் அமைப்பையும் பார்த்து, அதற்கெனத் தனியாக வடிவம் வகுத்துத் தைப்பது 'கஸ்டம்' தையல் எனப்படுகிறது.

கில்ட் என்பதற்குத் தமிழில் ஒரே சொல் நிலைபெறவில்லை. போர்வை என்றால் பெரும்பாலும் ஒற்றைத் துணி. மெத்தை என்றால் தடித்தது. கில்ட் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. பொருள் மட்டும் நமக்குப் புதிதன்று. பழைய நூல் சேலைகளை மடித்து அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டுக் கைக்குழந்தைக்கு விரிப்பாக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருந்ததே. வங்காளத்துக் காந்தா, பீகாரின் சுஜனி, மராட்டியத்தின் கோதடி எல்லாம் இவ்வகையினவே. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி, சட்டம் எதுவுமின்றி, ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்து நடுவில் முடிவது.

சோழமண்டலக் கரையும் கில்டும்

கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்துக்குக் கிழக்கே, பிச்சாவரம் அலையாத்திக் காட்டை ஒட்டி உள்ள பேரூராட்சி கிள்ளை. அதற்கு வடக்கே வெள்ளாற்றின் கழிமுகத்தில் பரங்கிப்பேட்டை உள்ளது. ஐரோப்பியர் போர்ட்டோ நோவோ என்று அழைத்த இத்துறையிலிருந்தும் கடலூரிலிருந்தும் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பருத்தித் துணி கப்பலேறியது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கடலூரின் புனித டேவிட் கோட்டையை 1690இல் வாங்கியதற்கும் துணி வணிகம் ஒரு முக்கியக் காரணம்.

சோழமண்டலக் கரையின் சீட்டித் துணிகள் சாயவேரின் சிவப்பாலும் அவுரியின் நீலத்தாலும் வண்ணம் பெற்றவை. துவைத்தாலும் நிறம் போகாத இத்துணிக்கு ஐரோப்பாவில் அப்படியொரு மோகம். உள்நாட்டு நெசவாளர்கள் எதிர்த்ததால் பிரான்சு 1686இல் அதைத் தடை செய்தது. இங்கிலாந்து 1700இல் ஒரு சட்டமும் 1721இல் அதைவிடக் கடுமையான இன்னொரு சட்டமும் இயற்றியது. கிடைப்பதற்கு அரிதான துணியை யாரும் வீணாக்குவதில்லை. சீட்டியில் இருந்த பூவையும் பறவையையும் கத்தரித்தெடுத்து, வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்துக் கில்டுகள் செய்தனர். இங்கிலாந்தின் லெவன்ஸ் ஹால் மாளிகையில் உள்ள ஒட்டுத்துணிக் கில்ட் 1700களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அந்நாட்டில் எஞ்சியுள்ள மிகப் பழைய ஒட்டுத்துணி வேலைகளில் ஒன்றான அது இந்தியச் சீட்டியால் ஆனது. கில்ட் மேலைநாட்டுக் கலை என்று இன்று இணையத்தில் படிப்போர், அதன் துணி எங்கிருந்து போனது என்பதையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

பொறி இயங்கும் விதம்

வீட்டுத் தையல் பொறியில் ஊசி ஓரிடத்தில் நிற்கும், துணிதான் நகரும். கட்டில் அளவுள்ள கில்டைச் சுருட்டி அப்பொறியின் கைக்கும் மேசைக்கும் இடையிலுள்ள சிறிய இடைவெளியில் திணித்துத் தைப்பது எவ்வளவு சிரமம் என்பது ஒருமுறை முயன்றவர்களுக்குத் தெரியும். நீள்கைப் பொறியில் இது தலைகீழ். துணி சட்டத்தில் அசையாமல் நிற்க, பொறியின் தலை தண்டவாளத்தின் மேல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓடுகிறது. அதன் கை 18 முதல் 30 அங்குலம் வரை நீண்டிருக்கும். பெயர் வந்தது அதனால்தான். சட்டத்தின் நீளம் பெரும்பாலும் 10 முதல் 14 அடி. இதற்கென ஓர் அறையையே ஒதுக்க வேண்டியிருப்பதாலும், பொறியின் விலை மிக அதிகம் என்பதாலும், கில்ட் தைக்கும் எல்லோரும் இதை வாங்குவதில்லை. ஒருவர் வாங்கிப் பலருக்குத் தைத்துக் கொடுக்கிறார்.

அடித்துணியின் இரு முனைகளும் இரண்டு உருளைகளில் கட்டப்படும். அதன்மேல் பஞ்சுப் படலம், அதன்மேல் மேல் துணி. ஒரு பட்டை தைத்து முடிந்ததும் உருளையைச் சுற்றினால் அடுத்த பட்டை முன்னால் வரும். பொறியைத் தள்ளும் கையின் வேகம் கூடினாலும் குறைந்தாலும் தையலின் நீளம் மாறாதிருக்கத் தையல் சீராக்கி என்ற அமைப்பு உண்டு. தலை எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை உணர்ந்து, அதற்கேற்ப ஊசியை இறக்கும் கருவி அது. அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல் என்பது பொதுவான கணக்கு. கணினி இணைத்த பொறிகள் வரைந்து கொடுத்த வடிவத்தைத் தாமே தைத்துவிடும். அப்போதும் நூல் அறுவதையும் அடியில் டென்ஷன் கெடுவதையும் பார்க்க ஆள் பக்கத்தில் இருக்கத்தான் வேண்டும்.

கரூர் போன்ற ஊர்களின் வீட்டுத்துணி ஆலைகளில் பயன்படும் பல ஊசிப் பொறி வேறு. அது ஒரே வடிவத்தை மீட்டர் கணக்கில் அடித்துத் தள்ளுவது. நீள்கைப் பொறியில் ஓர் ஊசிதான் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு கில்ட்.

விளிம்பு முதல் விளிம்பு வரையும் கஸ்டமும்

வாடிக்கையாளர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். விளிம்பு முதல் விளிம்பு வரை என்னும் முறையில், அலையோ இலையோ சுழியோ, ஒரே வடிவம் கில்ட் முழுவதும் திரும்பத் திரும்ப ஓடும். மேல் துணியில் என்ன படம் இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. சில மணி நேரத்தில் முடியும், கூலியும் குறைவு. தினமும் போர்த்தித் துவைக்கும் கில்டுக்கு இதுவே போதும் என்பதோடு, பல நேரங்களில் இதுவே சிறந்தது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

கஸ்டம் முறையில் கட்டத்துக்குக் கட்டம் வடிவம் மாறும். நட்சத்திரத்தின் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, கரைக்கு இன்னொன்று. துணிகள் இணையும் மடிப்பை ஒட்டியே மறைவாக ஒரு தையல் ஓடும். பூவும் பறவையும் மேலெழுந்து தெரிய, பின்புலத்தை நெருக்கமான சுழிகளாலோ கூழாங்கல் போன்ற வட்டங்களாலோ நிரப்பி அமுக்குவார்கள். நேர்க்கோடுகளுக்குத் தடித்த அளவுகோலைப் பிடித்துப் பொறியை அதன்மேல் சாய்த்து ஓட்ட வேண்டும். ஒவ்வொரு தொடக்கத்திலும் முடிவிலும் நூலை முடிச்சிட்டு உள்ளே மறைக்க வேண்டும். ஆகவே ஒரு நாளிலிருந்து சில வாரங்கள் வரை ஆகும்.

கூலி பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும். 60 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் உள்ள கில்ட் 4,800 சதுர அங்குலம். ஒரு பேச்சுக்குச் சதுர அங்குலம் 1 ரூபாய் என்றால் 4,800 ரூபாய். கஸ்டம் தையலுக்கு இது பல மடங்காகலாம். பஞ்சும் நூலும் இக்கூலியில் சேருமா, தனியா என்பதை முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது அளவு ஜாக்கெட் ஒன்றைக் கூடவே கொடுக்கிறோம். தையற்காரர் அதைப் பார்த்துத் தைத்துவிடுவார். கில்டுக்கு அப்படி ஒரு மாதிரி கிடையாது. எந்த இடம் எடுப்பாகத் தெரிய வேண்டும், எந்த நிற நூல், எவ்வளவு நெருக்கம் என்பதை ஒளிப்படத்தின் மேல் கோடு போட்டுக் காட்டி, இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே ஊசியை இறக்க வேண்டும். காரணம் எளிது. மேற்சொன்ன கில்டில் 2 அங்குல இடைவெளியில் 40 கோடுகள் ஓடினாலே 2,400 அங்குலத் தையல். அங்குலத்துக்கு 10 என்றால் 24,000 தையல்கள். பிடிக்கவில்லை என்று பிரிப்பதானால் அத்தனையும் பிரிக்க வேண்டும். பிரித்த பின் ஊசித் துளைகள் சில துணிகளில் மறைவதே இல்லை.

கொடுப்பதற்கு முன்

அடித்துணி மேல் துணியைவிட ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 4 அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். உருளையில் கட்டவும் பக்கங்களில் பிடிக்கவும் இந்த மிச்சம் தேவை. 60க்கு 80 மேல் துணிக்கு 68க்கு 88 அடித்துணி. இரண்டு துண்டுகளை இணைத்து அடித்துணி செய்தால், நெசவின் இறுகிய கரையை வெட்டி எறிந்துவிட்டு இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் சுருங்கி இழுக்கும். மேல் துணியை இஸ்திரி போட்டு, பின்பக்கத்துப் பிசிறு நூல்களை நறுக்கிவிட வேண்டும். வெள்ளைத் துணிக்கு அடியில் கிடக்கும் ஒரு கறுப்பு நூல் தைத்து முடிந்த பிறகுதான் கண்ணில் படும்.

அலை அலையாக நெளியும் கரையே அடிக்கடி வரும் சிக்கல். கரைப் பட்டையை அளந்து வெட்டாமல், நீளமாக வைத்துத் தைத்துக்கொண்டே போய் முடிவில் வெட்டினால் அது கில்டைவிட நீண்டுவிடும். தைக்கும்போது சரியாகிவிடும் என்று நம்பி அனுப்புவோர் பலர். ஆகாது. அந்தக் கூடுதல் துணி மடிப்பாக விழும்.

சேலைத் துணியில் கில்ட் செய்வோர் இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். தாயின் அல்லது பாட்டியின் சேலைகளை நினைவாகக் காக்கக் கில்ட் செய்ய விரும்புவோர் உண்டு. அவை திரும்பக் கிடைக்காத துணிகள். பல ஆண்டு உடுத்திய நூல் சேலை சில இடங்களில் இற்றுப்போயிருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, இற்ற இடத்தை விலக்க வேண்டும். சரிகை ஊசியை முறிக்கும், நூலை அறுக்கும். முந்தானையை எங்கே வைப்பது என்பதைத் தைப்பவரிடம் கேட்டு முடிவு செய்யலாம். சுங்குடி போன்ற சாயத் துணிகளை வெள்ளைத் துணியோடு சேர்க்கும் முன் தனியே நனைத்துச் சாயம் விடுகிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

நடுவில் வைக்கும் பஞ்சு

உள்ளூர் மெத்தைக் கடையில் கிடைக்கும் இலவம்பஞ்சு இதற்கு உதவாது. அதன் இழைகள் வழுவழுப்பானவை, ஒன்றோடொன்று பிணையாதவை. தைத்தாலும் ஓரத்துக்கு ஓடிக் கட்டியாகும். கில்டுக்கு வேண்டியது தகடுபோல் இணைத்துத் தயாரித்த படலம். பருத்தி, பாலியெஸ்டர், இரண்டும் கலந்தது, கம்பளி எனப் பல வகை உண்டு. தையலுக்கும் தையலுக்கும் இடையே அதிகபட்சம் எத்தனை அங்குலம் விடலாம் என்பது உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதை மீறினால் சில துவைப்புகளில் உள்ளே கிழிந்து திரளும்.

கிள்ளை, பரங்கிப்பேட்டை போன்ற கடலோரத்துப் புழுக்கத்துக்கு மெல்லிய பருத்திப் படலமே ஏற்றது. வியர்வையை உறிஞ்சும், சூடேற்றாது. முதல் துவைப்பில் 3 முதல் 5 விழுக்காடு வரை அது சுருங்கக்கூடும். அப்போது துணியில் விழும் மென்மையான சுருக்கத்தை விரும்புவோரும் உண்டு. மிக நெருக்கமாகத் தைத்த கில்ட் அட்டைபோல் விறைக்கும் என்பதால், போர்த்துவதற்கானால் பின்புலத்தை அடர்த்தியாக நிரப்பச் சொல்லாதிருப்பது நல்லது. சுவரில் மாட்டுவதானால் கவலையில்லை.

தமிழ்நாட்டில்

கில்ட் கற்றுத்தரும் பயிற்சிக்கூடங்கள் சென்னையில் உள்ளன. 2019 ஜனவரியில் இந்தியா கில்ட் ஃபெஸ்டிவல் என்ற கண்காட்சி சென்னையில் நடந்தது. எனினும் நீள்கைப் பொறி இன்னும் பெருநகரப் பொருளே. சிறிய ஊரில் இருப்பவர் மேல் துணியைக் கூரியரில் அனுப்பித் தைத்து வாங்க வேண்டும். அனுப்பும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, அளவையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தே அட்டைப்பெட்டியில் போட வேண்டும்.

அனுப்ப விரும்பாதவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. கில்டைச் சிறு சிறு கட்டங்களாக வீட்டுப் பொறியிலேயே மூன்று அடுக்கும் சேர்த்துத் தைத்து, கடைசியில் கட்டங்களை இணைப்பது ஒன்று. பழையபடி கையால் ஓட்டுத் தையல் போடுவது மற்றொன்று. இற்றுப்போன சேலைகளுக்குப் பொறியைவிடக் கைத்தையலே பாதுகாப்பு.

கில்ட் யாருடையது?

அமெரிக்காவின் பெருங்கண்காட்சிகளில் கைத்தையலே உயர்ந்தது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 1989இல் கென்டக்கி மாநிலத்தின் படூகா நகரில் அமெரிக்கக் கில்ட்டர் சங்கம் நடத்திய கண்காட்சியில், பொறியில் தைத்த கேரில் பிரையர் ஃபேலர்ட்டின் கில்ட் முதற்பரிசு பெற்றபோது பெரிய வாக்குவாதம் எழுந்தது. அவர் தம் கில்டைத் தாமே தைத்தவர். கூலிக்குத் தைத்து வாங்கும் நீள்கைக் கில்டில் கேள்வி இன்னும் சிக்கலாகிறது. துணியைத் தேர்ந்து, வெட்டி, மாதக்கணக்கில் இணைத்தவர் ஒருவர். அதன்மேல் ஆயிரக்கணக்கான அங்குலக் கோடுகளால் ஒளியும் நிழலும் வரவழைத்தவர் மற்றொருவர். பரிசு ஒருவர் பெயருக்கு மட்டும் போன சம்பவங்கள் மனக்கசப்பை உண்டாக்கியதால், பல கண்காட்சிகள் இருவர் செய்த கில்டுகளுக்குத் தனிப் பிரிவு வைத்து, தைத்தவர் பெயரையும் கேட்டு வாங்குகின்றன.

நம் ஊரில் ஆடை தைத்தவர் பெயரை யாரும் எழுதி வைப்பதில்லை. கடை முத்திரை காலரில் இருந்தால் உண்டு. கில்டில் அப்படியில்லை. ஓரப் பட்டி தைத்து முடிந்ததும் அடித்துணியின் ஒரு மூலையில் சிறு துணித்துண்டு ஒன்றைத் தைத்து, சாயம் போகாத பேனாவால் மேல் துணியைச் செய்தவர், கில்டிங் தைத்தவர், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதுவது வழக்கம். சேலையில் செய்த கில்டானால், அந்தச் சேலைகள் யாருடையவை என்பதையும் அதில் எழுதிவிடலாம்.